வலி வந்து வந்து போகிறதா? தலைப்பிரசவத்தின் மெதுவான முதல் கட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாய் வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு இடுப்பில் லேசாக வலி எடுத்ததும் வீடே எழுந்து நிற்கும். பை தயாராகும், ஆட்டோ வாசலுக்கு வரும், அத்தை வீட்டுக்குப் போன் போகும். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை வாய் ஒரு விரல்தான் திறந்திருக்கு, நேரமாகும்" என்பார்கள். அப்புறம் இரவு முழுக்க வலி வரும், போகும். விடிந்து பார்த்தால் ஒன்றரை விரல். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிடும். "எனக்கு மட்டும் ஏன் ஆகல?" என்று கேட்பாள்.

மதுரையிலும் சுற்றுப்பட்டிகளிலும் சொந்தத்தில், தெருவில் என்று பல பிரசவங்களுக்குத் துணைக்கு நின்றவள் நான். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு எதுவும் ஆகாமல் இல்லை. உடம்புக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த நேரத்தில் பலத்தைச் செலவழித்துவிடாமல் காப்பதும், காத்திருக்கக் கூடாத அறிகுறிகளைத் தெரிந்து வைப்பதும்தான் நம் பொறுப்பு. நான் மருத்துவர் இல்லை. உங்களைப் பரிசோதித்த மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பப்பையின் வாய் ஒன்பது மாதமும் நீளமாக, கெட்டியாக, பின்பக்கம் திரும்பி மூடியிருக்கும். குழந்தை வெளியே வர அது 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். ஆனால் திறப்பதற்கு முன்னால் அது மெத்தென்று ஆக வேண்டும், முன்பக்கம் திரும்ப வேண்டும், நீளம் குறைந்து மெலிய வேண்டும். தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் மெலிவது முதலில் நடக்கும், திறப்பது பின்னால்தான். அதனால் இரவு முழுக்க வலித்த பிறகும் "அதே ஒரு விரல்" என்று சொன்னால், அந்த இரவு வீணாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வாய் மெலிந்திருக்கலாம், தலை இறங்கியிருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு பல பத்தாண்டுகளாக லேபர் வார்டுகளில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல் அதை மாற்றியது. 5 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ளதை மெதுவான கட்டம் என்று வைத்து, அதற்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு வரையறை இல்லை, பெண்ணுக்குப் பெண் மாறும் என்று சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டருக்கு மேல் வேகக் கட்டம். தலைப்பிரசவத்தில் அது வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டாது, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது. அந்த வேகக் கட்டத்திலும்கூட, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மருந்தோ ஆபரேஷனோ தேவையில்லை என்கிறது அதே வழிகாட்டுதல்.

இது ஏன் முக்கியம் என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் வலி எடுத்த முதல் நிமிடத்திலிருந்து மணிக்கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள். "நேத்து சாயங்காலம் ஆரம்பிச்ச வலி, இன்னும் ஆகலையே" என்று அந்தப் பெண்ணின் காதுபடவே பேசுவார்கள். அவர்களுக்கும் பயம்தான், வேறொன்றுமில்லை. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: தலைப்பிரசவத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் இப்படிப் போவது உண்டு.

எட்டாம் மாதத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள்

எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்யும்போது வலி வந்த பிறகு கேட்க முடியாத கேள்விகளை இப்போதே கேட்டுவிடுங்கள். இரவில் மயக்க மருந்து மருத்துவர் இருப்பாரா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? லேபர் வார்டில் கூட ஒருவர் இருக்கலாமா? மெதுவாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? தனியார் மருத்துவமனையாக இருந்தால் இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்த எண்ணைச் சொல்லி யாரையும் குறை சொல்ல வரவில்லை. உங்கள் மருத்துவரின் பழக்கத்தை முன்பே தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் மாதிரியான ஊர்களின் அரசு மருத்துவமனை, அதற்கும் மேலே மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, நம் எல்லோருக்கும் பெரியாஸ்பத்திரி. ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, ரத்தச் சோகை, முன்பு சிசேரியன், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது என்று ஏதாவது இருந்தால், எங்கே போக வேண்டும் என்பதை சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதை அட்டையில் எழுதி வாங்குங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, கீழே நான் சொல்லப்போகும் "வீட்டில் கொஞ்சம் பொறுங்கள்" என்ற பேச்சு பொருந்தாது. முதல் வலிக்கே கிளம்ப வேண்டியதுதான்.

பெரியாஸ்பத்திரி வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. தென்கரையிலிருந்து வருபவர்கள் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பிரசவத் தேதி சித்திரைத் திருவிழாவை ஒட்டி வந்தால் இதைக் கண்டிப்பாக யோசியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம், ஏ.வி. பாலம் எல்லாம் மக்கள் வெள்ளமாக இருக்கும். அந்த நாட்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கும் கரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். இல்லையென்றால் வண்டியைத் தேடி அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பையில் பருத்திச் சேலைகள் அல்லது முன்பக்கம் திறக்கும் நைட்டி, பழைய மெல்லிய வேட்டித் துணி, நாப்கின், பிளாஸ்க், டம்ளர், குழந்தைக்குச் சட்டை, துண்டு. காகிதங்களில் கர்ப்பிணி அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண்). பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண்தான் அடிப்படை. நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வளைகாப்பு வளையல்களை ஒரு கையிலாவது கழற்றிவிடுவது நல்லது, ட்ரிப்ஸ் ஊசி ஏற்றும்போது கண்ணாடி வளையல் இடைஞ்சல் மட்டுமல்ல, உடைந்தால் கையைக் கிழிக்கும். கழற்ற மனசில்லாத பாட்டிகளிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

நம் ஊரில் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி என்பார்கள். சீரகத் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை, உடம்பில் நீர் குறைந்திருந்தால் அதுவே வயிற்றை இறுக வைக்கும், எந்தத் தண்ணீர் குடித்தாலும் அது கொஞ்சம் தணியும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். ஒரு தடவை பத்து நிமிடம், அடுத்தது அரை மணி, அப்புறம் ஆறு நிமிடம். நடந்தாலோ படுத்தாலோ வெந்நீர் ஊற்றிக் குளித்தாலோ அடங்கும். பிரசவ வலி என்ன செய்தாலும் நிற்காது. இடுப்பின் பின்பக்கம் ஆரம்பித்து அடிவயிற்றுக்குச் சுற்றி வரும், முழு வயிறும் கல் மாதிரி இறுகும், நேரம் போகப் போக நெருங்கி, நீண்டு, கூர்மையாகும். கூடவே லேசாக ரத்தம் கலந்த, பிசுபிசுப்பான சளி படலாம். அது நல்ல அறிகுறிதான், ஆனால் அது வந்ததும் குழந்தை பிறந்துவிடும் என்றில்லை. மணிக்கணக்கில் ஆகலாம், இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம்.

நேரம் பார்க்கும் முறை இதுதான். ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். முடிந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்கக் கூடாது. ஒவ்வொரு வலியும் எத்தனை நொடி நீடிக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் எழுதினால் போதும், பிறகு கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கமும் போகும், மனசும் சோரும்.

37 வாரம் முடியவில்லையென்றால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஒழுங்காக வரும் எந்த வலிக்கும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் இருக்கும் நேரம்

மாதம் நிறைந்திருக்கிறது, சிக்கல் எதுவும் இல்லை, பனிக்குடம் உடையவில்லை, குழந்தை நன்றாக அசைகிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் ஆரம்ப வலியை வீட்டில் கடப்பதே சுகம். மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ போனில் சொல்லிவிட்டு இருங்கள். பேருந்துகூட ஒழுங்காக வராத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு இல்லை, சீக்கிரமே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுங்கள்.

இரவு என்றால் முதல் வேலை தூக்கம். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வலி எடுத்ததும் "நட, நட" என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்க வைத்துவிடுவார்கள். ஆரம்ப வலிக்கே ஆறு மணி நேரம் நடந்து களைத்த பெண்ணுக்கு, முக்க வேண்டிய நேரத்தில் கால் நடுங்கும். இரவு இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். வலிக்கும் வலிக்கும் நடுவே கண் அசந்தாலும் அது கணக்கில் சேரும். பகலில் விருப்பம்போல நடக்கலாம், உட்காரலாம், வீட்டு வேலைகூட லேசாகச் செய்யலாம்.

சாப்பிடுங்கள். "ஆபரேஷன் ஆனாலும் ஆகும், எதுவும் கொடுக்காதே" என்று வீட்டிலேயே பட்டினி போடுவது பெரிய கொடுமை. இட்லி, ரசம் சோறு, தயிர் சோறு, அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் என்று எளிதில் செரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இளநீர், மோர், எலுமிச்சைச் சாறு அடிக்கடி. பருத்திப்பால் பிடித்தவர்கள் அரை டம்ளர் குடிக்கலாம். எண்ணெய்ப் பலகாரமும் கறியும் வேண்டாம், வாந்தி வரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு சாப்பிடலாமா கூடாதா என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் இல்லாதவர்களுக்குப் பிரசவ நேரத்திலும் உணவும் தண்ணீரும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனால் ஆபரேஷனுக்கு வாய்ப்பிருக்கும் பெண்ணுக்கு மருத்துவர் நிறுத்தச் சொன்னால் அதில் காரணம் இருக்கும்.

மதுரை வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனியிலிருந்து வைகாசி வரை மின்விசிறிக் காற்றே அனலாக அடிக்கும். உடம்பில் நீர் வற்றினால் பிரசவிக்கும் பெண் சீக்கிரம் சோர்ந்துவிடுவாள், நாடித் துடிப்பு கூடும். ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், வராவிட்டாலும் போய் உட்காரட்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும், வலியையும் கூட்டும்.

வெந்நீர் பெரிய ஆறுதல். ஸ்டூலில் உட்கார வைத்து, கைபொறுக்கும் சூட்டில் இடுப்பில் குவளை குவளையாக ஊற்றுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது.

வலி முழுக்க முழுக்க முதுகிலேயே இருக்கிறது, வயிற்றில் அவ்வளவாகத் தெரியவில்லை என்றால், குழந்தை தன் முதுகை அம்மாவின் முதுகுப் பக்கமாக வைத்து இருக்கலாம். இப்படி இருந்தால் பிரசவம் இன்னும் மெதுவாகும், பெரும்பாலான குழந்தைகள் போகப் போகத் தானே திரும்பிவிடும். மல்லாந்து படுப்பதை விட்டுவிட்டு, பாயில் முட்டி போட்டு, கட்டில் மேல் கையும் தலையும் சாய்த்து முன்பக்கம் குனிந்து இருக்கட்டும். வலி வரும்போது இன்னொருவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்பெலும்பின் நடுவில் வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள். தடவுவதைவிட அழுத்துவதுதான் கேட்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவளே சொல்வாள்.

மூச்சு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். தாடையும் தோளும் தளர்ந்திருக்கட்டும். முனகல் வந்தால் முனகலாம். முக்க மட்டும் கூடாது, கர்ப்பப்பை வாய் முழுவதும் திறந்த பிறகு, முக்கச் சொல்லும்போதுதான் முக்க வேண்டும்.

இனி செய்யவே கூடாதவை. வலியைக் கூட்ட விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிவிடும். வயிற்றை மேலிருந்து கீழே தடவி அமுக்க யாரையும் விடாதீர்கள். பக்கத்து மருந்துக்கடையிலோ ஊருக்குள் ஊசி போடுபவரிடமோ பிரசவ வலியைக் கூட்டும் "வலி ஊசி" போட்டுக்கொள்ளவே கூடாது. அந்த மருந்து அளவு மீறினால் குழந்தைக்கு மூச்சுத் திணறும், கர்ப்பப்பை கிழியும் ஆபத்தும் உண்டு. ஆஸ்பத்திரியிலேயே அதைச் சொட்டுச் சொட்டாக, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள்.

ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாதவை

இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், அல்லது நின்றால். வலி நேரத்திலும் குழந்தை அசைய வேண்டும், "வலி வந்தா புள்ள அசையாது" என்று சொல்வது தவறு.

சளியோடு வரும் லேசான கசிவாக இல்லாமல், மாதவிடாய் போல ரத்தம் வந்தால்.

பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், நாற்றம் அடித்தால் இன்னும் அவசரம். நிறத்தையும் உடைந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். தொப்புள்கொடி வெளியே வந்ததுபோலத் தெரிந்தால், குனிந்து முட்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்திய நிலையிலேயே இருந்து 108-ஐக் கூப்பிடுங்கள், கொடியைத் தொடாதீர்கள்.

கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, வலிப்பு.

காய்ச்சல், குளிர் நடுக்கம். இரண்டு வலிகளுக்கு நடுவேயும் வயிறு தளராமல் இறுகியே இருப்பது. முன்பு சிசேரியன் ஆனவருக்குத் தையல் இருந்த இடத்தில் விடாத வலி.

எப்போது கிளம்புவது

சிக்கல் இல்லாத தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவுக்கு, இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். வலியின் நடுவில் பேச முடியவில்லை என்பதும் ஓர் அடையாளம். இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் இவ்வளவு பொறுக்க வேண்டாம், ஒழுங்காக வர ஆரம்பித்ததுமே போய்விடுங்கள், அது வேகமாக முடியும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வர வேண்டியவர்கள் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கூடவே, எண் கணக்கு எப்படி இருந்தாலும் உங்கள் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். திரும்பி வருவதில் அவமானம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் போனதும்

ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்ப்பார்கள். வயிற்றைத் தொட்டு குழந்தையின் நிலை, தலை இறங்கிய அளவு பார்ப்பார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110-இலிருந்து 160 வரை இருந்தால் இயல்பு. பிறகு உள்ளே கை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வலி அடங்கிய பிறகு பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த நேரம் வாயால் மூச்சு விட்டு, தொடைகளைத் தளர விடுங்கள், இறுக்கினால்தான் அதிகம் வலிக்கும். வேகக் கட்டத்தில் எல்லாம் சரியாகப் போனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடிக்கடி பார்த்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும், அதுவும் பனிக்குடம் உடைந்த பிறகு.

பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகள்: "சிஸ்டர், எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கு? வாய் மெலிஞ்சிருக்கா? தலை இறங்கியிருக்கா?" "ரெண்டு விரல்" என்றால் சுமார் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், பார்ப்பவரின் கை அளவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஒருவர் 3 என்று சொல்லி, அடுத்த ஷிப்டில் வந்தவர் 2 என்று சொன்னால் பயப்படாதீர்கள், வாய் மூடிக்கொள்ளவில்லை.

2, 3 சென்டிமீட்டரில் வீட்டுக்குப் போகச் சொன்னால் போகலாம், எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. வார்டில் படுக்கச் சொன்னால் அங்கேயும் வீட்டில் செய்ததையே செய்யுங்கள்: இடது பக்கம் படுப்பது, நடப்பது, தண்ணீர், சிறுநீர். பெரியாஸ்பத்திரிக்கு மதுரை மாவட்டம் மட்டுமல்ல, தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் சிக்கலான பிரசவங்களை அனுப்பிவைப்பார்கள். அங்கே உங்களை அடிக்கடி வந்து பார்க்கவில்லை என்றால், பக்கத்தில் யாருக்கோ உயிர்ப் போராட்டம் நடக்கலாம். அதற்காக, அசைவு குறைகிறது, ரத்தம் வருகிறது என்றால் வாய்மூடி இருக்கக் கூடாது. துணைக்கு இருப்பவர் எழுந்து போய், "சிஸ்டர், பிள்ளை அசையல, வந்து பாருங்க" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

துணை என்றதும் ஒன்று. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்ணோடு ஒரு பெண் துணை இருக்கலாம். யாரை அனுப்புவது என்பதை அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். அம்மாவா, அத்தையா என்று மரியாதைப் பிரச்சினை ஆக்காதீர்கள். பதறி அழுகிற அம்மாவைவிடப் பிள்ளை பெற்ற அக்காவோ சித்தியோ சில வேளை நல்லது. கூடவே ஒருவர் தொடர்ந்து இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தில்லாத மருந்து இது. துணைக்குப் போகிறவர் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், போனை அமைதியில் வையுங்கள். வெளியே நிற்கும் கணவருக்கும் வேலை உண்டு: ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வைப்பது, சொந்தங்களின் போனை எல்லாம் தான் ஒருவரே எடுத்து, "ஆனதும் நானே சொல்றேன்" என்று முடிப்பது.

லேபர் வார்டில் திட்டு விழுவதுண்டு. "கத்தாதே", "பெத்துக்கத் தெரிஞ்சுச்சுல்ல" என்ற பேச்சுகளைக் கேட்டு அழுத பெண்கள் ஏராளம். அது சரியில்லை, எந்த வேலைப்பளுவும் அதற்குச் சமாதானம் ஆகாது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டமே பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் சண்டைக்குப் போகாமல், துணைக்கு இருப்பவர் பணிவாக, "முதல் பிரசவம் சிஸ்டர், பயப்படுறா, என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று பேச்சை வேலையின் பக்கம் திருப்பலாம். அடித்தால், பணம் கேட்டால், பிறகு மருத்துவமனை நிர்வாகத்திடமோ 104 எண்ணிலோ புகார் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம்.

"வலி கூட்டுறோம்", "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றால்

வலியை வரவழைக்க ஜெல்லோ மாத்திரையோ வைப்பார்கள், வந்த வலியைக் கூட்ட பனிக்குடத்தை உடைப்பார்கள் அல்லது ட்ரிப்ஸில் மருந்து ஏற்றுவார்கள். இவை காரணத்தோடு செய்தால் உயிர் காப்பவை: பனிக்குடம் உடைந்து நேரமானது, ரத்த அழுத்தம் ஏறியது, நாள் கடந்தது, குழந்தை வளர்ச்சி குறைந்தது. காரணம் எதுவும் இல்லாமல், மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் என்றால் கேளுங்கள்: "பிள்ளையோட துடிப்பு நல்லா இருக்கா டாக்டர்? இவளுக்கு ஏதாவது ஆபத்து இருக்கா? இன்னும் நாலு மணி நேரம் பொறுத்தா என்ன ஆகும்?" துடிப்பு நன்றாக இருக்கிறது, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றால் பொறுக்கலாம் என்றே பல மருத்துவர்கள் சொல்வார்கள். கேள்வி கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

மருந்து வைத்து வலி வரவழைத்தவர்களுக்கு மெதுவான கட்டம் இன்னும் நீளும். தாயும் சேயும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து மருந்து ஏற்றி 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பிறகே பலிக்கவில்லை என்று முடிவு செய்யலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழந்தையின் துடிப்பு விழுகிறது, தண்ணீர் பச்சையாக இருக்கிறது, தலை இறங்காமல் சிக்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போது, "சுகப்பிரசவம்தான் வேணும்" என்று கையெழுத்துப் போடாமல் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வருவதாக நேரம் கடத்துவது மிகப் பெரிய தவறு. அந்த முடிவு அந்தப் பெண்ணுடையது, அடுத்து கணவர் உடன் நிற்க வேண்டும். நல்ல நேரம், நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளச் சொல்லவே கூடாது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் வயிற்றைத் திறந்து எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

வலி தாங்க முடியவில்லை, எபிடூரல் (முதுகில் மருந்து செலுத்தி வலியைக் குறைப்பது) வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் அதையும் யாரும் தடுக்கக் கூடாது. வசதி இருக்கும் மருத்துவமனையில் அது அவளுடைய உரிமை.

பிறந்த பிறகு உள்ள முதல் மணி நேரம்

குழந்தை நன்றாக அழுதால் அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகு கொடி வெட்டினால் குழந்தைக்கு ரத்தமும் இரும்புச்சத்தும் கூடக் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். சிசேரியன் ஆனாலும் செவிலியர் உதவியோடு முதல் ஒரு மணி நேரத்தில் பால் கொடுக்க முடியும்.

நீண்ட பிரசவம் முடிந்த பெண்ணின் கர்ப்பப்பை சோர்ந்திருக்கும், ரத்தப்போக்கு அதிகமாகும் வாய்ப்பு உண்டு. எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கும் அந்த நேரத்தில் ஒருவராவது தாயைப் பாருங்கள். நாப்கின் சீக்கிரம் சீக்கிரம் நனைகிறதா, தலை சுற்றுகிறதா, வெளிறிப் போகிறாளா என்று பார்த்து உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். வயிறு நிறைய சூடாக ஏதாவது கொடுத்து, பக்கத்தில் இருந்து தூங்க விடுங்கள். வீடு திரும்பும்போது அரசு மருத்துவமனையில் 102 தாய் சேய் ஊர்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.